சொல் கேட்கக் கற்றுக்கொண்ட எங்கள் அப்பா

எங்கள் அப்பா ஆண்டவரிடம் சென்று இந்த மாதத்தோடு ஒரு வருடமாகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தோட்டத்து மக்களுக்கும் அவருடைய இளைய மகள் எழுதிக்கொள்வது. கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார். "கடைசி மூணு வருசமும் நீதானே கூட இருந்த" என்றார். உண்மைதான். அந்த மூன்று வருடக் களைப்பு இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அழகாக எழுத எனக்குத் தெம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு றப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தாத்தா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டதால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார். தம்பி தங்கைகள் எல்லாருக்கும் கல்யாணம் முடித்து வைத்த பிறகுதான் அம்மாவைக் கைப்பிடித்தார். பின்னர் கங்காணியானார். விடியற்காலையில் ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவர் குரல் கேட்டால் பேச்சு சத்தம் அடங்கிவிடும். தோட்டத்தில் எவருக்கு நோய், வருத்தம் என்றாலும் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வேகத்தில் பேசி, ஆஸ்பத்திரியிலோ பொலிசிலோ காரியத்தை முடித்துக்கொண்டு வருவார்.

எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்குப் போதகர் ஐயா மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பரான அப்பாவே ஆராதனை நடத்துவார். கீழ்ப்படிதல், தன்னை வெறுத்தல் என்ற இரண்டும் அவர் பிரசங்கத்தில் தவறாமல் வரும். தவக்காலமான லெந்து நாட்கள் நாற்பதிலும் பகல் முழுக்கத் தண்ணீரோடு இருப்பார். வீட்டில் கருவாட்டு வாசனைகூட வரக்கூடாது. ஒரு லெந்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு, அம்மா ஒளித்து ஒரு முட்டை அவித்துத் தந்தார். அப்பா அதைக் கண்டுபிடித்து இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அப்பாவே பிற்காலத்தில் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்.

லயத்தில் பக்கத்து வீடான காம்பராவில் இருக்கும் செல்வராஜ் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் பால் வெட்டுகிறவர். குடிப்பழக்கம் உண்டு. ஒரு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், ஆராதனையில் திருவிருந்து எடுக்க மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து முழங்காலில் நின்றார். அப்பா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். "எந்திரி. ஒனக்கு இங்க எடமில்ல. வெளிய போ" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். செல்வராஜ் அண்ணன் எழுந்து போனார். பின்னாலேயே மனைவியும் பிள்ளைகளும் போனார்கள். அதன் பிறகு ஏழெட்டு வருடம் அந்தக் குடும்பம் கோயில் பக்கம் வரவில்லை. தான் செய்தது சரி என்றே அப்பா நம்பினார்.

அம்மா நெஞ்சுவலியில் திடீரென்று போன பிறகு அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றியது. ஒருநாள் மலையில் வெட்டிய செடியின் கூரான கட்டை ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது. உணர்ச்சி மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் எங்களிடம் சொல்லவுமில்லை. நான் அப்போது அவிசாவளையில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோதுதான் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு மருந்து எடுக்க வேண்டும், பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அடுத்த மாதம் லெந்து தொடங்கியது. அப்பா சாப்பிடவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாருங்க அப்பா? நீங்களுந்தானே கேட்டீங்க?" என்றேன்.

"நான் ஆண்டவருக்காக இருக்கேன். டாக்டருக்காக இல்ல."

"ஆண்டவர் ஒங்கள கால அழுக வச்சுக்க சொன்னாரா?"

அப்படி நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவர் மசியவில்லை. சாப்பிடவுமில்லை. நாற்பது நாள் முடிவதற்குள் மயங்கி விழுந்தார். இம்முறை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வார்ட்டில் கண் விழித்த அவர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தபோது, சிங்கள நர்ஸ் ஒருவர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். "சீயா, கியன தே அஹன்ன" என்றார். சொல்வதைக் கேளுங்கள் தாத்தா என்று அர்த்தம். சொல் கேள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்குக் குடும்பம் இருந்தது, எனக்கு இல்லை. யாரும் என்னை வரச் சொல்லவில்லை. வராமல் இருக்க விடவுமில்லை.

எங்கள் லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்க நூற்றுக்கு மேல் கற்படிகள். த்ரீவீல் ஆட்டோ றோட்டுவரைதான் வரும். முதல் கிளினிக் நாளன்று பொடியன்கள் இரண்டு பேரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றார். உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் சேறாகியது. நான் மருந்துப் பையோடு முன்னால் நின்றேன். பாதி வழியில் கை வழுக்கி உருண்டார். தைத்த இடம் பிரிந்து இரத்தம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் செல்வராஜ் அண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறுங்க கங்காணி ஐயா."

அப்பா அசையவில்லை.

"ரத்தம் போவுதுங்க. ஏறுங்க."

அந்த முதுகை அப்பா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழு ஆராதனை நேரமாகத் தோன்றியது. பிறகு இரண்டு கைகளையும் அவர் தோளில் போட்டார்.

அன்றிலிருந்து கிளினிக் நாட்களில் செல்வராஜ் அண்ணன் கூப்பிடாமலே வந்தார். கிளினிக்குக்கு முந்தின நாள் மட்டும் குடிக்கமாட்டார். அப்பா அவரோடு ஒன்றும் பேசமாட்டார். நான்கைந்து தடவை இப்படியே நடந்தது. ஒருநாள் படியில் ஏறி வரும்போது பாதியில் அப்பாவின் குரல் கேட்டது.

"செல்வராஜு, அன்னிக்கு கோயில்ல ஒன்ன அப்பிடி சொல்லியிருக்க கூடாது. புள்ளைங்களுக்கு முன்னால. என்ன மன்னிச்சுக்க."

செல்வராஜ் அண்ணன் மூச்சு வாங்கியபடி, "அதெல்லாம் இருக்கட்டுங்க. நீங்க கழுத்த இறுக்காம புடிங்க. வுழுந்தா ரெண்டு பேரும் போயிருவோம்" என்றார்.

அடுத்து போதகர் ஐயா வந்த ஞாயிறு, கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அப்பா. செல்வராஜ் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்து முன் வரிசை வாங்கில் உட்கார வைத்தார். வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினார். அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"நீயும் உக்காரு."

"வேணாங்க. நேத்து கொஞ்சம் குடிச்சேன்."

அப்பா தலையை அசைத்து என்னைக் காட்டினார். "நானும் நேத்து இந்த புள்ளய கண்டபடி ஏசுனேன். உக்காரு" என்றார்.

இரண்டு பேரும் அந்த வாங்கிலிருந்தபடியே திருவிருந்து எடுத்தார்கள். ஆராதனை முடிந்ததும், இனி வேறொருவரை மூப்பராக வைத்துக்கொள்ளும்படி அப்பா போதகரிடம் சொன்னார். அப்போது அவர் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டேன். "கீழ்ப்படிதல்னு நாப்பது வருசம் பேசிட்டேங்க ஐயா. நான் லெந்துல விட்டதெல்லாம் எனக்கு சுலபமா இருந்தது மட்டுந்தான். ஆண்டவரே கஷ்டப்பட்டுத்தான் கீழ்ப்படிய படிச்சாரு. எனக்கு ஒரு கால் போன பொறகுதான் அ, ஆவன்னா வருது."

இத்தோடு அப்பா சாந்தமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். ஒரு கம்பை வைத்துக்கொண்டு கட்டிலில் தட்டித் தட்டிக் கூப்பிடுவார். தண்ணீர், போர்வை, சன்னல், மறுபடி தண்ணீர். அடுப்பில் சோறு கொதிக்கும்போது தட்டுவார். நான் குளிக்கும்போது தட்டுவார். தொலைபேசியில் சொந்தக்காரர்கள், "நீ குடுத்து வச்சவ" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நின்றபடி தூங்கியிருக்கிறேன்.

ஒருநாள் பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு படியிறங்கி பஸ் ஹோல்ட்டில் போய் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அன்பினால் திரும்பினேன் என்று சொல்லமாட்டேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவருடைய துணியெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவற்றை எடுக்கத்தான் ஏறி வந்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடி பையைப் பார்த்தார். அன்று மாலை கம்பைத் தட்டாமல், "மக, நேரமிருந்தா கொஞ்சம் தண்ணி தாறியா?" என்றார். நேரமிருந்தா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கம்பைத் தட்டினார்தான். ஆனால் பல நாட்களில் கம்பருகே கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திவிடுவதைக் கவனித்திருக்கிறேன். உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார். புண்ணைக் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "முடிஞ்சதா டீச்சர்?" என்று என்னைக் கேட்பார்.

பிறகு சிறுநீரகம் பழுதாகியது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அன்பாகச் சொல்லி அனுப்பினார். கடைசி மூன்று வாரம் மூச்சுத் திணறல். தனியாக இருக்க அப்பாவுக்குப் பயம். கையை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "நான் போறப்ப நீ பக்கத்துல இருக்கணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் நான் உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்ந்தேன்.

அந்த நாள் விடாத மழை. பால் வெட்டு இல்லாததால் மத்தியானம் செல்வராஜ் அண்ணன் வந்திருந்தார். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"மக, நீ போயி படு."

"நீங்க கூப்புடுவீங்களே."

"கூப்புட மாட்டேன். இவன் இருக்கான். போ."

பழைய கங்காணிக் குரலில் கொஞ்சம் அதில் இருந்தது. எதிர்த்துப் பேச எனக்குச் சக்தியில்லை. உள்ளே போய்ப் பாயில் விழுந்தேன்.

எழுந்தபோது மழை விட்டிருந்தது. செல்வராஜ் அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் நனைந்திருந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது.

"ஏன் என்ன எழுப்பல?" என்று கத்தினேன்.

"ரெண்டு தரம் கேட்டேன் தங்கச்சி. மூச்சு வாங்குறப்பவும் கேட்டேன். வேணாம், அவ தூங்கட்டும்னு தலய ஆட்டுனாரு. பயமா இருந்துச்சு அவருக்கு. என் கைய விடவே இல்ல. ஆனா ஒன்ன எழுப்ப வுடல."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அப்பா வாழ்நாளெல்லாம் இருந்த லெந்து விரதங்களை ஒரு பக்கமும் அந்த ஒரு மத்தியானத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிறேன். ஆண்டவர் எதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வருத்தத்தின்போது பார்த்துக்கொண்ட டாக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும், நேரம் காலம் பார்க்காமல் ஓடிய த்ரீவீல் தம்பிமாருக்கும், சோறும் கறியும் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன லயத்துப் பெண்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும், பெட்டியைச் சுமந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வராஜ் அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் சொல்ல விடவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

கடைசியாக, என்னைத் தூங்க விட்டதற்காக அப்பாவுக்கு நன்றி.

இளைய மகள்