ஒதுக்கி வைத்த பச்சை

“குவாரியில கல்லு ஒடைக்கிறவனெல்லாம் காலேசுல படிச்சிட்டா வந்தான்? கல்லப் பத்தி மூணு வருசம் படிக்க என்னத்தா இருக்கு?”

நான் நிலவியல் பட்டப்படிப்பில் சேர்ந்த அன்று என் தாய்மாமன் கேட்டது இது. மாமா ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மழை பெய்தால் அந்தப் பாதையில் எந்த வளைவில் பாறை உருளும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கல்லைப் பற்றி அவர் பேசினால் எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். மறுத்துப் பேச எனக்கும் அப்போது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அம்மா போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்குகிறாள். உலர்த்தி வந்த காய் தரையில் குவிந்து கிடக்கும். வெடித்தது, வெளுத்தது, மஞ்சள் ஏறியது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்ல பச்சையை மட்டும் சேர்க்க வேண்டும். பள்ளி விடுமுறைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குவேன். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பார்க்காமலே கை பச்சையைத் தேடிப் போகும். பச்சை குறைந்தால் விலை குறையும். அங்கே வேறு சட்டம் கிடையாது.

அந்தக் கையோடுதான் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். ஒருநாள் ஆசிரியை ஒரு கறுப்புக் கல் கட்டியைக் காட்டினார். குஜராத்தின் கட்ச் பகுதியில் எப்போதோ எரிமலை கக்கிய கல் அது. கறுப்புக்கு நடுவே, கைப்பிடி அளவுக்கு, சர்க்கரையைப் பச்சையில் முக்கி எடுத்ததுபோல ஒரு திட்டு. எரிமலைக் குழம்பு மேலே ஏறி வரும்போது வழியில் பிய்த்துக்கொண்டு வந்த துண்டு அது என்றார். நாம் நடக்கிற பாறை ஓட்டுக்கும் கீழே, பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து வந்தது. மனிதர் யாரும் போகாத, போக முடியாத இடம். அந்த ஆழத்துப் பாறையில் பெரும்பங்கு ஒலிவின் என்ற கனிமம்தான். அதுவே தெளிவாக, பெரிதாகக் கிடைத்தால் நகைக்கடையில் அதற்குப் பெரிடாட் என்று பெயர்.

அந்தத் திட்டை உடைத்து, சலித்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஒலிவினை மட்டும் பொறுக்கச் சொன்னார். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் முடித்தது நான்தான். ஆசிரியை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ரொம்பச் சுத்தமா பொறுக்கியிருக்க. ஆனா இது எல்லாமே வேற கனிமம். ஒலிவின் அந்தா இருக்கு, நீ தள்ளி வச்ச குவியல்ல.”

பளீரென்ற பச்சையாக நான் சேர்த்தது டையாப்சைடு. மஞ்சள் கலந்திருக்கிறது, இரண்டாந்தரம் என்று நான் ஓரமாக ஒதுக்கியதுதான் பெரிடாட்.

மூன்று வருடம் முடியப் போன சமயத்தில், மேலே இரண்டு வருடம் படிக்க இன்னும் தூரத்து ஊருக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மாமா, “போதும்த்தா, பேங்கு பரிச்சை எழுது” என்றார். அப்பா திராட்சைப் பந்தலில் வேலை பார்க்கிறவர். இப்படிப்பட்ட முடிவுகளை அம்மாவிடம் விட்டுவிடுவார். அம்மா யோசித்துவிட்டு, “நீ அங்கன அப்பிடி என்னதான் பாக்குறன்னு ஒருக்கா வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். எங்கள் துறையில் பெற்றோரை அழைத்துக் கண்காட்சி வைத்திருந்த நாள் பக்கத்தில் இருந்தது. நான் மேலே படிப்பதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

மாமாவின் ஜீப்பில்தான் வந்தார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். என் மேசையில் நுண்ணோக்கி, இடுக்கி, அதே கட்ச் கல்லின் மணிகள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, “நல்ல கல்லாப் பொறுக்கும்மா” என்றேன்.

கொஞ்ச நேரத்திலேயே இரண்டு குவியல். நான் செய்த அதே தப்பு.

“இதுல என்ன கஷ்டம்? இது நல்லது. இது பழுத்துப்போனது” என்றாள்.

“பழுத்தது இல்லம்மா. அதுதான் பெரிடாட்டு.”

“போடீ. வெயில்ல கெடந்து வெளுத்த காயி மாதிரி இருக்கு.”

“இதுவும் சூட்டுல கெடந்ததுதாம்மா. செங்கச் சூளையை விடக் கூடச் சூடு.”

“எம்புட்டு நேரம் வச்சிருந்தாக?”

“யாரும் வைக்கலம்மா. பூமிக்குள்ள கெடந்துச்சு. கோடிக்கணக்கான வருசம்.”

அம்மா இடுக்கியைக் கீழே வைத்தாள். உலர்த்துகிற இடத்தில் சூடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒரு மூட்டைக் காயே வெளுத்துப்போகும். அதைப் பார்த்துப் பார்த்தே வாழ்ந்தவள்.

“அம்புட்டு நாளு வெந்துமா நெறம் போகல?”

“போகாது. வெளியிலருந்து ஏறுன நெறம் இல்ல. அது உண்டானதுலயே இரும்பு கலந்திருக்கு. அந்த இரும்புதான் பச்சை.”

தள்ளி வைத்த குவியலைத் தன் பக்கம் இழுத்து, மறுபடியும் குனிந்து நுண்ணோக்கிக்குள் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

பிறகு துறையின் பெரிய பொக்கிஷத்தை எடுத்துவந்தேன். பஞ்சு வைத்த டப்பாவுக்குள் பிஸ்கட் அளவுக்கு ஒரு சில்லு. வானத்திலிருந்து விழுந்த விண்கல்லை மெல்லிசாக அறுத்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

“என்ன மருமகளே, தங்கம் கிங்கம் இருக்கும்னு வந்தா, தகரத்துல கண்ணாடி பதிச்சு வச்சிருக்கீக?”

சில்லுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். சில்லில் சல்லடைபோல ஓடிய இரும்பின் கண்கள் ஒவ்வொன்றிலும் தேன் கலந்த பச்சை எரிந்தது. மாமாவின் கை தானாக நீண்டு, தொடாமல் நின்றுவிட்டது. எத்தனையோ முறை பார்த்தவள்தான் நான். அன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இதுவும் பெரிடாட்டுதான். நம்ம பூமி உருவான காலத்துல சூரியனைச் சுத்திக்கிட்டிருந்த ஒரு குட்டி உலகத்தோட வயித்துக்குள்ள, இரும்பெல்லாம் உருகிக் கெடந்த எடத்துல இருந்தது. அது எதுலயோ மோதிச் சிதறிப்போச்சு. ஒரு துண்டு இங்கன வந்து விழுந்துச்சு.”

“கீழ கெடக்குறதும் மேலருந்து விழுந்ததும் ஒரே கல்லா?” அம்மா கேட்டாள்.

“ஒரே கல்லுதாம்மா.”

மாமா சில்லை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. திடீரென்று, “ஒரு சந்தேகம். உருகின இரும்பு கனமாச்சே. அடியில போயித் தங்கியிருக்கணும்ல? கல்லு மேல மெதந்திருக்கணும். ரெண்டும் எப்பிடி ஒண்ணாவே நிக்குது?” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

“அது இன்னும் முடிவா யாருக்கும் தெரியாது, மாமா. மோதுன வேகத்துல இரும்பு கல்லுக்குள்ள பாய்ஞ்சிருக்கும்னு சிலர் சொல்றாங்க. ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க.”

“தெரியாதா? இம்புட்டுப் படிச்சவுகளுக்குமா?”

அம்மா சிரித்துவிட்டாள். “ஏலே, கல்லுல படிக்க என்ன இருக்குன்னு கேட்டது நீதான? இப்ப நீயே கேட்டுட்டு நிக்கிற. பதிலு தெரியணும்னா எவளாச்சும் படிச்சாத்தான?”

“நான் சும்மா கேட்டேன்க்கா.”

“சும்மா கேட்டியோ, சொரணையோட கேட்டியோ. அவ போகட்டும்.” என் பக்கம் திரும்பி, “போத்தா. பாக்க வேண்டியது இன்னும் நெறையக் கெடக்கு” என்றாள்.

மேலே படிக்கச் சேர்ந்த ஊரில், விடுதிக்கு என் பெட்டியை மாமாவின் ஜீப்தான் கொண்டுவந்து இறக்கியது. இறக்கிவிட்டு, “இரும்பு சமாச்சாரம் தெரிஞ்சா ஒரு போனு போடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வானத்துக் கல்லுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. முதலில் நம் மண்ணில் கிடப்பதைப் படிக்க வேண்டும். சேலம் பக்கத்தில் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் தோண்டுகிற குன்றுகளில் ஒலிவின் பாறை உண்டு. போன வாரம் அங்கே போய், நானே சுத்தியலால் ஒரு துண்டு உடைத்து எடுத்து வந்தேன். மோதிரத்தில் வைக்க உதவாத பொடி மணிகள்தான். இடித்து, சலித்து, கழுவிக் காயவைத்துவிட்டேன். இன்று காலை நுண்ணோக்கிக்கு அடியில் பரப்பினேன். முதல் குவியல் சேர்ந்துவிட்டது. எல்லாம் மஞ்சள் கலந்த பச்சை.