கனாமாத்தி வந்த வீடு

பல் துலக்காத வாயில் ஏலக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நாக்கில் சுருக்கென்று உறைக்கும், பிறகு மூக்கு வரை குளிர்ந்துபோகும், மிச்சமிருந்த தூக்கம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். ஐம்பதுகளில், ஏலமலையில் கழுதைப் பொதி குறைந்து ஜீப்பு ஓடத் தொடங்கியிருந்த காலத்தில், போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக்குப் பல நாட்கள் அப்படித்தான் பொழுது விடிந்தது. அதற்குக் காரணம் அப்பாவின் ஏலக்காய் வியாபாரம் அல்ல, "கனாமாத்தி".

கனாமாத்தியை யாரும் பார்த்ததில்லை. மரநாய் அளவு இருக்கும், மலைச் சோலைக்குள் குடியிருக்கும், காய் வாசனைக்கு ஆசைப்பட்டு மூட்டைக்குள் புகுந்து, ஜீப்பு ஏறி ஊருக்குள் வந்துவிடும் என்பதெல்லாம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காய் தரம் பிரித்த சிவனம்மாள் சொன்ன தகவல். அது யாரையும் கடிக்காது, மிரட்டாது. வரிசையாகப் பாய் விரித்துத் தூங்குகிறவர்களின் நெற்றியை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து, ஒருத்தர் கனவை எடுத்து இன்னொருத்தர் தலையில் வைத்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.

"மாறி வந்த கனாவ வச்சுக்கிடப்படாது, தெனமும் வந்து நிக்கும்" என்பாள் சிவனம்மாள். "அது யாருதுன்னு தேடி, கையில ஒரு ஏலக்கா வச்சு, 'ஒன் கனா ஒனக்கு'ன்னு குடுத்துரணும்."

இதனால் எங்கள் வீட்டில் காலை நேரம் சந்தைக்கடையாக இருக்கும். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயதில் இருந்த என் தம்பி, ஊறப்போட்ட உளுந்தை ஆட்ட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு அழுதுகொண்டே எழுந்தான். அம்மா மறுபேச்சில்லாமல் அவனிடம் ஏலக்காயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். ராட்டினத்தில் சுற்றிய கனவு எனக்கு வந்தால் மட்டும், அது தன்னுடையது என்று அவன் மல்லுக்கு நிற்பான். அப்பாவுக்கு மட்டும் கனவே கிடையாது. "படுத்தா நான் கட்ட" என்று அதிலும் ஒரு பெருமை. "யாவாரி வீட்டுல காயத் திங்கிறதுக்குன்னே ஒரு பேயக் கொண்டாந்து விட்டிருக்கீக" என்று முனகுவாரே தவிர, தலைமாட்டில் நாங்கள் வைத்திருந்த ஏலக்காய்க் கிண்ணத்தை ஒரு நாளும் எடுத்து ஒளித்து வைத்தவர் இல்லை.

அந்த அப்பாவுக்கும் தேவாரத்தில் இருந்த என் தாய்மாமாவுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. வெளியூர் வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும்போது, மாமா ஒரு கைப்பிடி காயை அள்ளி முகர்ந்து, "மச்சான், காயில பொக ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டார். மலையில் காயை உலர்த்தும்போது விறகுப் புகை பட்டால் வாசனை கெட்டுவிடும். சொன்னது உண்மைதான், சொன்ன இடம்தான் தப்பு. அவன் வாசப்படியை நானும் மிதிக்க மாட்டேன், என் வீட்டு ஆள் யாரும் மிதிக்கக் கூடாது என்று அப்பா சத்தியம் செய்துவிட்டார். கிட்டத்தில் இருந்த தேவாரம் அன்றிலிருந்து எங்களுக்கு எட்டாத ஊராகிவிட்டது.

அப்படி இருக்கும்போது மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளை அவர் கூடப்பிறந்தவள்தான் போட வேண்டும். மாமாவுக்கு அம்மாவை விட்டால் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அம்மா சண்டை போடவில்லை, கேட்கக்கூட இல்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். வெந்நீர்ப் பானையைக் காயவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அப்பா ஒரு ஏலக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. ஏலத்தில் நஷ்டப்பட்டவர் முகம்.

"ராத்திரி எனக்கு ஒரு கனா" என்றார். "ஒரு பொண்ணு கழுத்துல நான் தாலி முடிச்சுப் போடுறேன். வெரலு நடுங்குது, முடிச்சு விழ மாட்டேங்குது. மாப்ள, 'அக்கா, வெரசாப் போடுக்கா'ங்கிறான். மீச வச்ச என்னையப் போயி அக்காங்கிறான். இது எனக்கு வர்ற கனாவா? யாருதோ, அவுக வாங்கிக்கிடட்டும். எனக்குச் சோலி கெடக்கு."

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். "ஒன் கனா ஒனக்கு" என்று காயை அதில் வைத்தார் அப்பா. "கெளம்புங்க, பஸ்சு போயிரும்" என்று சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பாவும் வந்தார். தன் மட்டுக்குச் சத்தியத்தையும் விடவில்லை: தெருவில் போட்ட பந்தல் வாசப்படி ஆகாது என்று வியாக்கியானம் சொல்லி, தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை பந்தலிலேயே இருந்துகொண்டார். அம்மாவுக்கு விரல் நடுங்கியது. மாமா குனிந்து, "அக்கா, வெரசாப் போடுக்கா" என்றார். சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பந்தலில் கட்டிய வாழைக்குலையை எடை போடுவதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா காலமான பிறகு ஒரு நாள், வயதாகிவிட்ட அப்பாவிடம் அந்தக் கனவைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கு நான் எங்க தூங்குனேன், ஆத்தா?" என்றார். "ஒங்கம்மாதான் தூக்கத்துல முடிச்சு விழலையேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா. 'போடுக்கா, போடுக்கா'ன்னு அவன் கொரல்லயும் அவளே பேசுறா. விடியிற வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

ஆகவே அது யாருடைய கனவு என்பதில் அப்பா பொய் சொல்லவில்லை.

இப்போது காயை இயந்திரத்தில் உலர்த்துகிறார்கள். புகை ஏறுவதும் இல்லை, மூட்டைகள் வீட்டுக் கூடத்துக்கு வருவதும் இல்லை. பாய்களும் போய்விட்டன. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு, எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள். கனாமாத்தி வந்தாலும் நடையில் நின்று விழித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். சில நாட்களில் மகன் முகம் வாடி எழுந்து வருகிறான். என்னப்பா கனா என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்லம்மா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்கிறான். கையில் தயாராக வைத்திருந்த ஏலக்காயை நானே வாயில் போட்டுக்கொள்கிறேன்.