ஆன்லைன் முகாமும் ஆறாம் நாள் எண்ணிக்கையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் ஆறாவது வேலை நாளன்று பிள்ளைகளை எண்ணுவார்கள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பேர் உண்டோ, அதை வைத்துத்தான் அந்த வருஷம் ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். மலையாள வகுப்புகளுக்கு இதில் பெரிய கவலை இல்லை. கேரளத்தில், பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்குத்தான் மே மாதம் வந்தால் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணுகிற வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மார்ச்சில், அடுத்த வருஷத்து அஞ்சாம் வகுப்புத் தமிழ் டிவிஷனுக்கு யார் யார் வருவார்கள் என்று எழுதிப் பார்த்தேன். வேண்டிய எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒன்றுகூடக் கூடுதல் இல்லை. ஒரு பிள்ளை போனால் டிவிஷன் விழும். இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாக வந்தவள் என்பதால் அதோடு நானும் விழுவேன். கோட்டுகால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலி உண்டு என்று தலைமை ஆசிரியை முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக மூன்று பஸ் ஏற வேண்டும். எனக்கு முட்டு வலி வேறு.

போகிற நிலைமையில் இருந்தது ஒரே ஒரு பிள்ளைதான், மைக்செட்காரரின் மகள். அவளை அஞ்சாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். பனச்சமூட்டிலிருந்து வரும் அந்தப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் அவர்கள் இடவழி முனையிலேயே நிற்கும். அப்பாவுக்கு இரண்டு மனம். "கோடை முடியட்டும் டீச்சர், அவளே சொல்லட்டும்" என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு போட்ட ஒரு விளை தாண்டினால் வந்துவிடும்.

ஏப்ரலில் வெயில் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை நேரில் வரவழைத்துக் கோடை முகாம் நடத்த வேண்டாம், போனில் நடத்துங்கள் என்று உத்தரவு வந்தது. மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை, பத்து நாள். மற்ற ஆசிரியர்கள் முனகினார்கள். நான் தமிழ்ப் பிள்ளைகளின் முகாமைக் கேட்டு வாங்கினேன். என் அக்கறையைத் தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். எனக்கு அந்த ஒரு பிள்ளை கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டைச் சுற்றி ஐந்து விதமான இலை, ஓலையில் ஒரு பொம்மை, வீட்டில் இருப்பவர்களின் வேலையைப் பற்றி ஒரு பேட்டி, இப்படி. பதினொரு மணிக்கு எல்லோரும் அரை மணி நேரம் திரையில் வர வேண்டும். சாயங்காலத்துக்குள் செய்ததைப் படமாகவோ குரல் பதிவாகவோ அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு வேண்டியது படங்கள். எத்தனை பிள்ளை, எத்தனை படம் என்று தினமும் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினேன்.

முதல் நாள் பிள்ளைகள் பவுடர் பூசி, கோயில் திருவிழாவுக்குப் போகிற உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பின்னால் குடும்பமே நின்றது. ஒரு வீட்டில் திரையைப் பார்த்து என்னிடம், "டீச்சர் சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டார்கள். குடித்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அமரவிளையிலிருந்து ஒரு பையன் போனில் ரேஞ்ச் கிடைக்க மதில்மேல் ஏறி உட்கார்ந்து, விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே பாட்டுப் பாடினான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பத்து நாளும் நான் எதிர்பார்த்த அளவுக்கு மோசமாக இல்லை.

மைக்செட்காரரின் மகள் பதினொன்று அடித்ததும் வந்துவிடுவாள். ஆனால் அவள் சதுரத்தில் தெரிவது ஒரு சீலிங் ஃபேன் மட்டும். ஃபேன் சுற்றும், அல்லது கரண்டு இல்லாமல் நிற்கும். "மக்களே, முகத்தைக் காட்டு" என்று இரண்டு தடவை சொன்னேன். ஃபேன்தான் சுற்றியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "உண்டு டீச்சர்" என்று மட்டும் வரும். சாயங்காலம் தவறாமல் ஒரு குரல் பதிவு அனுப்புவாள். முதல் நாளுள்ளதைத் திறந்து பார்த்தேன். பத்துப் பதினைந்து விநாடி ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைக்குப் பதிவு செய்யத் தெரியவில்லை என்று முடிவுகட்டி மூடினேன். மற்ற நாளுள்ளதைத் திறக்கவே இல்லை. படிவத்தில் அவள் பெயருக்கு நேரே குறி மட்டும் போட்டுவந்தேன்.

பத்தாவது நாள் நிறைவு விழா. தலைமை ஆசிரியை இரண்டு வார்த்தை பேசினார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாசித்து, போனில் செய்த சர்ட்டிபிகேட்டைத் திரையில் காட்டினேன். பக்கத்து வீட்டில் கோழி கூவுவது போனில் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். அதனால் வெளியே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

வெளியே நடந்தது இது. எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ பால்காய்ச்சோ எதுவானாலும் முற்றத்து மரத்தில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டாமல் இருக்க மாட்டார்கள். கோயில் கொடை, சர்ச் பெருநாள், சாவு வீட்டு அடியந்திரம் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டிக் கொடுக்கிறவர் அந்த மைக்செட்காரர். சொந்த மகளுக்கு சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள், அது போனுக்குள்ளேதான் நடக்கும் என்று அவரால் சும்மா இருக்க முடியுமா? வீட்டு அயனி மரத்தில் இரண்டு ஹார்ன் கட்டி, போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டார். தலைமை ஆசிரியையின் பேச்சும் பிள்ளைகளின் பாட்டும் நான் வாசித்த பெயர்களும் கீழே கால்வாய்க்கரை வரை கேட்டிருக்கின்றன. மகள் பெயர் வந்தபோது முற்றத்தில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

விழா முடிந்தது. "எல்லாரும் போலாம் பிள்ளைகளே" என்று சொல்லி, போனின் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அன்றுவரை எனக்கு எண்ணம். இயர்போனைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சமையலறையிலிருந்து கேட்டார்.

"முடிஞ்சுதா? அந்த மைக்செட்காரருக்க மவ வந்தாளா?"

"வந்தா வந்தா. பத்து நாளும் ஃபேனைக் காட்டிட்டு இருந்தா. அதுக்க தலையில ஒண்ணும் ஏறாது. ஆளெண்ணத்துக்கு வேணுமே, அதுக்காக்கும் நான் பொறுத்துக்கிட்டு இருக்கேன். ஆறாம் நாள் வரைக்கும் நின்னா போதும். பொறவு எங்க போனா எனக்கென்ன?"

சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். மரச்சீனி விளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் பெரிதாகச் சொன்னது: "ஆறாம் நாள் வரைக்கும் நின்னா போதும்." யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று ஒரு கணம் எரிச்சல்பட்டேன். அப்புறம், "பொறவு எங்க போனா எனக்கென்ன" என்பதும் வந்தது. அது என் குரல். அந்தப் பொத்தானை அழுத்தினால் திரைதான் அணையும், அழைப்பு அறுபடாது என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு ஹார்னில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. யாரோ வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், அதுவும் நின்றது.

அன்று முழுவதும் நான் வெளியே இறங்கவில்லை. மறுநாள் காலையில் மைக்செட்காரர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். அவர் ஏணி போட்டு ஹார்னை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் நேத்து சொன்னது வேற ஒரு பிள்ளைய..." என்று தொடங்கினேன்.

"சாரமில்ல டீச்சர், போட்டு. முடிஞ்ச உடனே மைக்செட்ட ஆஃப் பண்ணாதது எனக்க தப்பாக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்டதும் ஹார்னில் போயிருக்கும், அந்தப் பக்கத்தில் மைக்செட்காரர் என்றால் அவர் ஒருவர்தான். என் பொய்க்கு அங்கே நிற்க இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனைவி கட்டன்சாயா கொண்டுவந்து திண்டில் வைத்தார். "டீச்சர் உள்ளதத்தானே சொன்னிய" என்றுவிட்டு உள்ளே போனார். நான் அந்தச் சாயாவைக் குடித்தேன். குடிக்காமல் போயிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

முன்னறையில் ஆம்ப்ளிஃபயர் மேசை கிடந்தது. அதன்மேல் போனை மல்லாக்க வைத்திருந்தார்கள். வயர் குட்டையானது, போனை நிமிர்த்தி வைக்க எட்டாது. பத்து நாளும் வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டித்தான் வைத்திருக்கிறார்கள். மேலே அந்த ஃபேன் சுற்றியது. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள், அவள் பாவாடை நுனி தெரிந்தது. கூப்பிடாமலே படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்து அவள் பதிவுகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் முதலில் சும்மா ஒரு நேரம் போகிறது. கவனித்துக் கேட்டால் அது சும்மா இல்லை, தூரத்தில் ஒரு காக்கை, ஃபேன் சத்தம். "ஒரு இடத்துக்க சத்தம் முதல்ல வரணும், பொறவுதான் பேசணும்னு அப்பா சொல்லும்" என்று இரண்டாம் நாள் பதிவில் அவளே சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள், ஒரு மரத்தின் நிழலை மூன்று நேரம் அளக்கச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் நோட்டில் எழுதிப் படம் அனுப்பினார்கள். இவள் அயனியின் நிழலுக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, காய்ந்த இலைமேல் காலடிச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். காலையில் நடை போய்க்கொண்டே இருந்தது. மத்தியானம் நான்கே அடி. சாயங்காலம் மறுபடியும் நீண்டது. கடைசியில், "இவ்வளவுதான் டீச்சர்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளை நிழல் அளக்கச் சொல்கிறேன், இப்படி ஒருவரும் அளந்ததில்லை. ஆனாலும், உள்ளதைச் சொல்ல வேண்டும், அடுத்த நிமிஷம் நான் நினைத்தது என்ன? இவள் போனால் டிவிஷன் போகும் என்பதைத்தான். பதிவைக் கேட்டேன், நன்றாக இருந்தது என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் இதுவும் ஆளெண்ணத்துக்காகத்தான் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. அனுப்பாமலே விட்டேன்.

மே முடிகிற வரை மஞ்சள் பஸ் பற்றிய சேதிகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மா பனச்சமூட்டில் யூனிஃபார்ம் துணி எடுத்தாயிற்று என்று கடையில் சொன்னார்கள். கோட்டுகால் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசாரித்து வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் அவள் வந்தாள். பழைய யூனிஃபார்ம், பாவாடை முட்டுக்கு ஏறியிருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர் வாசித்தபோது, "உண்டு டீச்சர்" என்றாள். இரண்டாம் நாளும் வந்தாள். மூன்றாம் நாள் மழை கொட்டியது, பாதி வகுப்பு காலி. அன்றைக்கும் நனைந்துகொண்டு வந்தாள். நான் அவளிடம் பாடம் மட்டும் கேட்டேன், அவளும் பாடம் மட்டும் சொன்னாள். ஹார்னில் கேட்டதைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

ஆறாம் நாள் எண்ணினார்கள். சரியாக வந்தது. தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முட்டு வலி தெரியவில்லை.

ஏழாவது வேலை நாள் காலையில், மணி அடிப்பதற்கு முன், மைக்செட்காரர் மகளோடு அலுவலக வாசலில் நின்றார். அவள் மேல் புது யூனிஃபார்ம், வேறு நிறம்.

"டி.சி. வேணும் டீச்சர்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். "ஒண்ணாம் தேதியே அங்க சேக்கணும்னு இவளுக்க அம்மை ஒரே பிடியா நின்னா. இவ கேக்கல்ல. டீச்சருக்கு ஆறு நாள் வேணும், எண்ணி முடிஞ்சிட்டு வாறேன்னு சொல்லிப்போட்டா. எண்ணியாச்சுல்லா?"

"எண்ணியாச்சு" என்றேன்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். கொடுத்த வேலையை முடித்துவிட்டுக் காட்டுகிற பிள்ளையின் முகம் அது, சரியா என்று கேட்கிற முகம்.

"மூணாம் நாளுள்ளது நான் கேட்டேன் மக்களே" என்றேன். "மத்தியானம் நாலு அடி."

"நாலரை டீச்சர்" என்றாள். "கடைசி அடி பாதிதான் நிழலு."

படிவத்தில், பள்ளியை விட்டுப் போகும் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. பெற்றோர் விருப்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருவரும் இடவழியில் இறங்கிப் போனார்கள். என் டிவிஷன் அந்த வருஷம் விழவில்லை. கோட்டுகாலுக்கு நான் போக வேண்டி வரவில்லை.