வேட்டிக்குள் ஒரு முழங்கால்

ரவிச்சந்திரனுக்குத் தம் உடம்பில் மிகவும் பிடித்த பாகம் கழுத்து. மாலை விழும் இடம் அது. முழங்கால் என்று ஒன்று இருப்பதை, அது தேய்ந்து போகும்வரை அவர் கவனித்ததில்லை.

தோட்டத்தில் பிறந்து, எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி, தோட்டம் கைமாறியபின் சுங்கைப் பட்டாணியில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தவர். மற்றவர்களும் அப்படியே டவுனுக்கும் கூலிம் பக்கமும் போய்விட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் அங்கேயே இருக்கிறது. ஆட்கள் குறையக் குறையக் கோபுரம் உயர்ந்தது. அந்த மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். அவரை எதிர்த்து நின்றவர்களில் சிலர் காலமானார்கள், சிலர் பினாங்குக்கு வேலை மாறிப் போனார்கள். இரண்டையும் அம்மனின் தீர்ப்பாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

வலது காலுக்குச் செயற்கை முட்டி வைத்த பிறகு, பயிற்சிக்கு வாராவாரம் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், கைத்தொலைபேசி போதும் என்றார்கள். அதன் காமிராவுக்கு முன் உட்கார்ந்து காலை மடக்க வேண்டும். செயலி இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் புள்ளி வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று மலாயில் ஒரு பெண்குரலில் சொல்லும். அதே நேரத்தில் காணொளி அழைப்பில் ஹனிஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். பிசியோதெரபி படித்த பெண். டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபாவின் மகள்.

முதல் நாள் மனைவி உமாராணி தொலைபேசியை மைலோ டின்மீது சாய்த்து வைத்தாள். ரவிச்சந்திரன் பட்டை விபூதி, சந்தனம், ஜிப்பா, கரை வேட்டி சகிதம் வந்து அமர்ந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். யாரோ ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் நீட்டப் போவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அங்கிள், செலுவார் பென்டெக் போடச் சொன்னேனே," என்றாள் ஹனிஸ்.

"அரைக்கால் சட்டையெல்லாம் சின்னப் பசங்க போடறது லா. நான் கோயில் தலைவரும்மா."

"அது முட்டிக்குத் தெரியாது அங்கிள். சரி, வேட்டியயாச்சும் மேல தூக்கிக் கட்டுங்க."

"கதவு தொறந்து கெடக்கும்மா."

"நான் வேணா சாத்தவா?" என்றாள் உமாராணி.

"நீ சும்மா இரு."

அவர் வேட்டிக்குள்ளேயே காலை மடக்கினார். முட்டி கொஞ்சம் அசைந்து, வலித்து, நின்றுவிட்டது. செயலி துணிக்குள் தேடித் தேடிப் பார்த்தது. கடைசியில் வேட்டி மடிப்பில் ஒரு முட்டியை வைத்து, நாற்காலிக் காலில் ஒரு கணுக்காலைக் கண்டுபிடித்தது.

"செராத்துஸ் டுவா புலோ," என்றது. நூற்று இருபது.

"பாத்தியா!" என்றார் ரவிச்சந்திரன்.

"அங்கிள், அது நாற்காலியோட காலு. இது கணக்குல சேராது. மொத்தமா உங்க முட்டி எனக்குத் தெரியவே இல்ல."

அதற்குள் அவர் திரையைப் படம்பிடித்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கட்டைவிரல்களும் கும்பிடும் கைகளும் குவிந்தன. செயலாளர் சத்தியசீலன் மட்டும் எழுத்தில் பதில் போட்டான்: "வாழ்த்துகள் தலைவரே. அப்ப முதல் காப்புக்கு ஒக்காந்துருவீங்கதானே?"

ரவிச்சந்திரன் அதற்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

திருவிழா தொடங்கும் நாளில் பூசாரி முதல் காப்பைத் தலைவரின் கையில் கட்டுவார். அம்மனுக்கு நேரே தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். காலை நீட்டக்கூடாது, நாற்காலி கூடாது. உட்கார முடியாதவருடைய காப்பு அடுத்தவர் கைக்குப் போகும்; அந்த வருடமே பதவியும் பின்னால் போகும். முந்திய தலைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது இவருக்குப் பதவி வந்தது அப்படித்தான். இப்போது சத்தியசீலன் சில வாரங்களாகக் கூட்டங்களில் நாற்காலி காலியாக இருந்தும் தரையிலேயே உட்கார்ந்து வந்தான்.

அடுத்த வாரங்களிலும் ரவிச்சந்திரன் வேட்டியைத் தூக்கவில்லை. எண்ணும் இறங்கவில்லை. ஒருமுறை குறுக்கே போன உமாராணியின் காலையும் சேர்த்துக்கொண்டு செயலி அவரைப் பாராட்டியது. எண் நன்றாக இருக்கும்போது பயிற்சி எதற்கு என்று அவர் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார்.

"தரையில மட்டும் ஒக்காந்துறாதீங்க அங்கிள். ஒரு தடவ நேர்ல வாங்க," என்றாள் ஹனிஸ்.

"திருவிழா முடியட்டும்மா, வந்துர்றேன்."

காப்புக் கட்டும் நாளில், இரண்டு பேர் தோள் கொடுக்க, அவர் தரையில் இறங்கினார். இடது கால் மடங்கியது. வலது கால் அம்மனைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. அவர் இரண்டு கையாலும் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார். கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"ம்ம்ம்ம்ம்…" என்றார்.

உருமிக்காரனுக்கு அந்தச் சத்தம் போதும். அடியை வேகப்படுத்தினான். பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டத்திலிருந்து செல்லாயி என்றொருத்தி எலுமிச்சம்பழத்தோடு முன்னால் வந்து விழுந்தாள்.

"ஆத்தா, எம் மவனுக்கு எப்ப தாயி கல்யாணம்?"

இத்தனை வருடத்தில் ரவிச்சந்திரன்மேல் சாமி வந்ததில்லை. அதெல்லாம் பதவி இல்லாதவர்களுக்கு என்று நினைத்திருந்தார். இப்போது யோசித்துப் பார்த்தார். வந்திருப்பது ஆத்தாவாக இருந்தால் மரியாதை, முட்டியாக இருந்தால் பதவி காலி.

"ஆகும்," என்று உறுமினார்.

"பொண்ணு எந்தப் பக்கம் தாயி?"

"தஞ்சோங் டாவாய்." வாயில் வந்த ஊர் அதுதான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாக்குச் சொன்ன ஆத்தா எழுந்து ஆட வேண்டும். உருமி காத்திருந்தது. கூட்டமும் காத்திருந்தது.

"என்னா லா இது," என்றான் சத்தியசீலன், சத்தமாக. "ஆத்தா ஒக்காந்துக்கிட்டே இருக்கு?"

உமாராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் தொலைபேசி, அதில் ஹனிஸ்.

"ஆத்தாவும் இல்ல ஒன்னும் இல்ல. முட்டி மாட்டிக்கிச்சு. தள்ளுங்க எல்லாம்."

"பதறாதீங்க அங்கிள்," என்றாள் ஹனிஸ். "மொதல்ல வேட்டியத் தூக்குங்க. நான் காலைப் பாக்கணும்."

"இங்கியா?"

"இங்கதானே மாட்டியிருக்கு."

வீட்டில் சாத்தாத கதவுக்கு வெட்கப்பட்டவர், தோட்டத்துச் சனம் முழுவதும் பார்க்க வேட்டியைத் தொடைவரை சுருட்டினார். தழும்பு மண்புழு போலப் பளபளத்தது. செயலி முதன்முறையாக அவருடைய முட்டியைச் சந்தித்தது. ஹனிஸ் சொல்லச் சொல்ல, அவர் இடது பக்கம் சரிந்து, யாரோ கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி எழுந்து, அதிலேயே உட்கார்ந்தார்.

"இப்ப மெதுவா மடக்குங்க, பாப்போம்."

"தூஜோ புலோ," என்றது செயலி. எழுபது. பூசாரியின் மைக் பக்கத்திலேயே இருந்தது. ஒலிபெருக்கி அதைச் செம்பனைக்காடு முழுக்கச் சொல்லியது.

"இதுதான் அங்கிள் கணக்குல சேரும்," என்றாள் ஹனிஸ்.

சத்தியசீலன் அவர் விட்ட இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பூசாரி காப்பைக் கட்டினார். எழும்போது சத்தியசீலன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான். முகம் ஒரு கணம் கோணியது. நாற்காலியிலிருந்து ரவிச்சந்திரன் ஒருவர்தான் அதைப் பார்த்தார். அவர் மனைவியின் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கினார்.

"ஹனிஸும்மா, கேமராவ அந்தாளு பக்கம் காட்டறேன். அவன் முட்டி எவ்ளோன்னு பாரு."

"அங்கிள், அவரு வேட்டி கட்டியிருக்காரு, வேணாம்—"

செயலி சத்தியசீலனின் கரை வேட்டிக்குள் சற்றுநேரம் தேடியது.

"செராத்துஸ் டுவா புலோ," என்றது ஒலிபெருக்கி.

கூட்டம் கைதட்டியது.