சாக்கடையைப் பார்த்த மூன்று பேர்

"எல்லாத்துலயும் தலைய விடுறியே, எதுல பாப்பா நீ கெட்டி?" என்று குழாய்களைப் பார்வையிட வந்த அதிகாரி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கேட்டபோது நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். கிரிவலம் வந்தவர்கள் பாதி தின்று வீசிய சாம்பார் சாதம், அடிஅண்ணாமலையில் எங்கள் தெருச் சாக்கடையில் தட்டுகளோடு ஊறி, புளித்து, புழு நெளியக் கிடந்தது. அந்த "கப்பு" நாற்றம் சோறு உண்ணும் இடம்வரை வந்தது. முந்தின நாளிலிருந்து தங்கை வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாள். அம்மா குழாய்த் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, விடாமல் புகட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மூன்று பேர் வந்தார்கள். நர்சம்மா தங்கைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவ வந்தவர், "அடைப்பு எடுக்கிறது எங்க வேல இல்லீங்க" என்றார். அதிகாரி மேல்நிலைத் தொட்டியைச் சோதித்து, "தண்ணி நல்லாத்தான் இருக்குது" என்று எழுதிக்கொண்டார். அவரவர் வேலையை அவரவர் சரியாகவே செய்தார்கள், என் தங்கையின் கண் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நான் எதிலும் கெட்டி இல்லை. ஆனால் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் என்பதால், தெருவுக்கே மருந்துச் சீட்டு படித்ததும் குழாய் இணைப்புக்கு மனு எழுதியதும் நான்தான். அந்தக் குழாய் சிறுபாலத்தின் அடியில் சாக்கடைக்குள் முழுகிப் போவது எனக்குத் தெரியும். பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி, கொழகொழத்த தட்டுகளைக் கையால் வாரி எறிந்தேன். குழாயின் இணைப்பு விரிந்திருந்தது. தண்ணீர் விடாத நேரமெல்லாம் அது சாக்கடையைக் குடித்திருக்கிறது.

"அம்மா, அந்தத் தண்ணியக் குடுக்காத!" என்று கத்தினேன்.

அதிகாரி பாலத்தின் மேல் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "பொண்ண ஒழுங்கா ஒண்ணுல படிக்க வெய்யிப்பா" என்றார், சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பாவிடம். "அதுக்கு எல்லாம் கொஞ்சங் கொஞ்சம் தெரியுங்க சார்" என்று, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல அப்பா தலைகுனிந்தார். கையில் வழிந்த கழிவைவிட அந்தக் குனிவுதான் எனக்குக் குமட்டியது.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தங்கை பிழைத்தாள்.

இன்று திறந்த சாக்கடை இல்லை. மேலே சிமெண்ட் பலகைகள், அவற்றின்மேல் கடைகள். அடியில் அதே குழாய், அதே புழு. போன வாரம் ஊராட்சித் தலைவர் பதவிக்கு வேட்புமனு கொடுத்துவிட்டேன். சின்னம் ஒதுக்கும்வரை காத்திருக்கவில்லை. கடப்பாரையால் பலகைகளை நெம்பித் திறந்து, வீட்டுக்கு வீடு ஆட்களை அழைத்து வந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.