ஹர்த்தாலுக்கு மறுநாள்

அடுக்களையிலிருந்து அந்தச் சிரிப்பு வெடித்தபோது, பொன்செல்வியின் விரல் மடிக்கணினியின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

எத்தனை பேர் சேர்ந்து சிரித்தாலும் அந்தச் சிரிப்பை அவள் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவாள். முதலில் ஒரு மூச்சிழுப்பு. பிறகு படிக்கட்டில் உருண்டுவரும் தேங்காய் மாதிரி விட்டு விட்டு ஒரு முழக்கம். சுப்ரியா அக்கா!

காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்காமல் தலையணைக்கு அடியில் திணித்து வைத்தாளே, அதற்குத் தண்டனை. ஆளே வீடு தேடி வந்துவிட்டாள்.

"எண்ணெயும் மாவுமா இருக்கேன், பக்கத்துல வராத மோளே." அம்மா பூமாரியின் குரல்.

"இருக்கட்டும் மாமி. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் எறிஞ்சுட்டு நேரா இங்கதான் வரேன். நானும் வேர்த்து வழிஞ்சுண்டுதான் இருக்கேன்."

"மாமியாம்லா! கேட்டீரா? வலியசாலை அக்கிரகாரத்துல நம்மளையும் சேத்தாச்சு. நாளையிலேருந்து மீன் வாங்கிட்டு வராதீரும்."

"அது பற்றில்ல, நடக்காது கேட்டியா," என்று அப்பா சொரிமுத்து முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "மீன் இல்லேன்னா நான் அக்கிரகாரத்த ராஜினாமா பண்ணீருவேன்."

மறுபடியும் அந்தச் சிரிப்பு. அதோடு அப்பாவின் ஊன்றுகோல் தரையில் தாளம் போடும் சத்தம்.

பொன்செல்வி எழுந்தாள். மின்விசிறியைக் கூட்டினாள். காகிதங்கள் படபடத்தன, குறைத்தாள். ஜன்னலருகே போய் மணக்காட்டுச் சந்தில் போகிற ஆட்டோவை வெறித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டவளுக்கு நாற்காலி எப்படி ஒட்டும்?

திரையில் இரண்டு கட்டங்கள் காத்திருந்தன. ஒன்றில் ‘ஏற்கலாம்’. மற்றதில் ‘திருப்பி அனுப்பவும்’. இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றை அவள் அமுக்கியாக வேண்டும். முதலாவதை அமுக்கினால் அது நெஞ்சறிந்த பொய். இரண்டாவதை அமுக்கினால், தன்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவளின் காலை வாரிவிட்ட பாவம்.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த கொத்தனார் சொரிமுத்து. ஓட்டல் பின்கட்டில் காய் நறுக்கியே விரலெல்லாம் தழும்பான பூமாரி. இவர்களுக்குப் பிறந்து, மலையாளத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள் பொன்செல்வி. காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளியியல் முடித்துவிட்டு, கழக்கூட்டம் பகுதியில் ஒரு கம்பெனிக்கு ரிஸ்க் அனலிஸ்டாகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாங்க் ஜோலியா, ஷேர் மார்க்கெட்டா என்று பக்கத்து வீட்டு ராகேல் துளைத்தெடுத்தாள். சொரிமுத்துதான் விளக்கம் சொன்னார்.

"அதொண்ணுமில்ல ராகேலே. இன்னின்ன காத்தடிச்சா இந்தக் கட்டடம் விழும்னு விழுகதுக்கு முன்னாடியே சொல்லணும். இவ அத பணத்துக்குச் சொல்லுகா."

"அதுக்கு சம்பளமா?"

"பின்னே? விழுந்த பொறவு சொல்லத்தான் ஊரு முழுக்க ஆளிருக்கே. அவனுவளுக்கு எவன் சம்பளம் தருவான்?"

அந்த வேலை அவளுக்குச் சோறு போட்டது. நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டது. திருவிழாவுக்குப் போனால் எந்த வாசலில் கூட்டம் நெரியும் என்று பார்ப்பாள். கல்யாண வீட்டில் எந்தப் பந்தியோடு பாயசம் தீரும் என்று மனசு ஓடும். பேருந்தில் ஆட்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் இவள் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள். "உனக்குத் தூக்கத்துலயாவது சும்மா இருக்கத் தெரியுமாட்டி?" என்று பூமாரி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் வராமல் அவளுடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, நடுவில் இருந்த ஒரு பெண் மட்டும் பேனாவை நீட்டினாள். "தமிழ்தானேடி? தமிழ்லயே சொல்லு. கணக்குக்கு எந்த பாஷையா இருந்தா என்ன?"

அவள்தான் சுப்ரியா. அன்றைக்குப் பிடித்த கையை அவள் விடவே இல்லை. கூட்டத்தில் எப்படிப் பேசுவது, தெரியாததைத் தெரியாது என்று எப்படி நிமிர்ந்து சொல்வது, எல்லாம் அவள் ஊட்டிய சோறு. "கட்டினவ கண்ணுக்கு விரிசல் தெரியாதுடி," என்பாள். "அதனாலதான் நம்ம தொழில்ல கணக்கு மாடலைக் கட்டறது ஒருத்தி, தட்டிப் பார்க்கறது இன்னொருத்தி."

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! பொன்செல்வி தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அலுவலகம் முதன்முதலாகக் கொடுத்த மாடல், சுப்ரியா கட்டியது.

நெடுமங்காட்டிலிருந்து வித்துரா வரை கிளைகள் வைத்திருக்கும் ஒரு சிறிய நிதி நிறுவனம். சேமிப்பைத் திரும்ப எடுக்க ஒரே நாளில் எத்தனை பேர் வரக்கூடும், அதற்கு எவ்வளவு பணம் கைவசம் இருக்க வேண்டும் என்று சொல்லும் மாடல் அது. அது ஏற்கப்பட்டால் அடுத்த மாதம் சுப்ரியா சிங்கப்பூரில் ஒரு குழுவுக்குத் தலைவி. திருப்பி அனுப்பப்பட்டால் மாதக்கணக்கில் மறுவேலை. சிங்கப்பூர் நாற்காலி அதுவரை காலியாகக் காத்திருக்காது.

அந்த மாடலில்தான் பொன்செல்வி விரிசலைக் கண்டிருந்தாள்.

கதவு தட்டப்படாமலே திறந்தது.

"ஒளிஞ்சுண்டிருக்கியாடி?" நெற்றியில் புதுச் சந்தனத்தோடு சுப்ரியா நின்றாள். கையில் பிரசாதப் பொட்டலம். உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேத்து நீ அனுப்பின கேள்வியைப் படிச்சேன். ஹர்த்தால் நாளை என்ன பண்ணினேன்னு கேட்டிருக்கே."

"ஆமாக்கா."

"கடை கண்ணியெல்லாம் அடைச்சிருக்கு. கிளையும் அடைச்சாச்சு. ஒருத்தரும் பணம் எடுக்கலை. அப்படியே விட்டா மாடல் குழம்பும். அதனால மறுநாள் தொகையைப் பாதியாப் பிரிச்சு, ரெண்டு நாளுக்கும் போட்டேன். இதுல என்ன குத்தம்?"

"ரெண்டும் அமைதியான நாளா ஆயிருச்சுக்கா. மறுநாள் அமைதியா இல்லையே! ரெண்டு நாள் கூட்டமும் அன்னிக்கு ஒரேயடியா வருது. பணம் இல்ல, நாளைக்கு வாங்கன்னு ஒரு கிளையில ஒருத்தர்ட்ட சொன்னாப் போதும். அடுத்த நாள் வித்துரா முழுக்க வரிசையில நிக்கும்."

"வருஷத்துல எத்தனை ஹர்த்தால்டி வரது? இப்பல்லாம் அதுவும் குறைஞ்சாச்சு."

"நல்ல நாளுக்கு நாம எதுக்குக்கா?"

சுப்ரியா பொன்செல்வியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"செல்வி, எனக்குப் பின்னால வந்த ரெண்டு ஆம்பளைகள் எனக்கு முன்னால போயாச்சு. இந்த நாற்காலி போனா அடுத்தது வராது. பிள்ளையார் முன்னாடி நின்னு உன் பேரைச் சொல்லித்தான் தேங்காய் எறிஞ்சேன். ஏத்துக்கோ. அடியில ஒரு குறிப்பு மட்டும் எழுதிடு. நான் போனப்புறம் யாராவது திருத்திக்கட்டும்."

குறிப்பு! எத்தனை சின்ன வார்த்தை! அடியில் எழுதுகிற குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்? பொன்செல்வி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பினாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"உக்காரேன்டி, தலையைச் சுத்தறது. இவ்வளவு பெரிசு பண்ற விஷயமா இது? எங்காத்துல ஹர்த்தால்னா திருநாள். அப்பா ஆபீஸ் போகமாட்டார். அம்மா அடை வார்ப்பா. தெருவுல ஒரு வண்டி வராது, நாங்க நடுரோட்டுல ஷட்டில் ஆடுவோம். அதை ஒரு நாளாவே நாங்க எண்ணினதில்லை. ஆபீஸ்ல என் மாடலைப் பார்த்த யாரும் எண்ணலை. நீ மட்டும்..."

"மறுநாள் என்ன பண்ணுவீங்க?"

"மறுநாளா? மறுநாள் ஸ்கூல்."

"எங்கப்பா மறுநாள்தான் விழுந்தாரு!"

குரல் கூரையில் மோதித் திரும்பியது. அடுக்களையில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

சொரிமுத்து சாரத்திலிருந்து விழுந்தார் என்பது சுப்ரியாவுக்குத் தெரியும். எந்த நாளில் என்று அவள் கேட்டதில்லை. யார்தான் கேட்பார்கள்?

"ஹர்த்தால்னு வேலை நின்னுபோச்சு," என்றாள் பொன்செல்வி. "காண்ட்ராக்டர் மறுநாள் ரெண்டு நாள் வேலையையும் ஒண்ணாத் தீக்கச் சொன்னான். ஒரு நாளைக்குன்னு கட்டின சாரத்துல ரெண்டு நாளைக்கான ஆளும் கல்லும் ஏறுச்சு. அத யாரும் பாதி பாதியாப் பிரிச்சு வைக்கலைக்கா. அப்படியே ஏறுச்சு. அப்படியே எறங்குச்சு."

சுப்ரியாவின் முகம் ஒரு கணம் இளகியது. உடனே கல்லாயிற்று. அடிபட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார்கள். அவளும் வீசினாள்.

"அப்போ நீ என் மாடலைப் பார்க்கலை. உங்கப்பா காலைப் பார்த்துண்டு எழுதியிருக்கே. இதை நான் ஆபீஸ்ல சொல்லட்டுமா?"

இந்தக் கேள்விதானே இத்தனை நாளாக அவளைப் படுக்கவிடாமல், உட்காரவிடாமல் துரத்தியது! பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அதுக்குத்தான்கா பயந்தேன். அதனால ஹர்த்தாலையே மறந்துட்டு வேற வழியில போட்டுப் பாத்தேன். பிரிக்காத பழைய டேட்டாவுல பெருங்கூட்டம் வந்த நாளை மட்டும் தனியா எடுத்து வச்சேன். அது என்ன நாள்னு பொறவுதான் பாத்தேன். முக்காவாசியும் மறுநாள்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை.

பூமாரி தட்டில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் டீயுமாக உள்ளே வந்தாள். "என்னத்த சத்தம்? அக்காளும் தங்கச்சியும் அடிச்சுக்கிடுதீங்களா?"

"ஆபீஸ் விஷயம் மாமி," என்றாள் சுப்ரியா, ஒன்றுமே நடக்காதவளைப் போல.

"ஆபீஸ ஆபீஸ்ல வச்சுட்டு வரப்படாதா? ஆறுகதுக்குள்ள தின்னுங்க." தட்டை வைத்துவிட்டு, இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பூமாரி வெளியேறினாள்.

பழம்பொரி ஆறியது. டீயில் ஏடு படிந்தது. சுப்ரியா மடிக்கணினியைக் கைகாட்டினாள்.

"என் முன்னாடியே அமுக்கு. எதை வேணா அமுக்கு. நான் போனப்புறம் அமுக்கினா அது திருட்டு."

"அக்கா..."

"அமுக்குடி."

அந்த அறையில் பொன்செல்வி பத்துப் பரீட்சைகளுக்குப் படித்திருக்கிறாள். இப்படி ஒரு கேள்வி எதிலும் வந்ததில்லை. மடிக்கணினியின் முன் உட்கார்ந்து விரலை ‘திருப்பி அனுப்பவும்’ என்ற கட்டத்தின் மேல் வைத்தாள். இந்தக் கையைப் பிடித்துத்தானே இவள் தூக்கிவிட்டாள்? அதே கைதானா இது? அமுக்கினாள்.

சுப்ரியாவின் கைப்பைக்குள் போன் ஒருமுறை மணியடித்து ஓய்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. ஏடு படிந்த டீயை ஒரே மடக்கில் குடித்தாள். துப்பட்டா நுனியால் வாயைத் துடைத்தவள், அதே நுனியால் கண்ணையும் துடைத்தாள்.

"மாடல்ல அந்த மறுநாளை நானே எழுதறேன். ஒத்தாசைக்கு யாரையும் அனுப்பாதே. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அக்கா, நான்..."

"இப்போ அக்கான்னு கூப்பிடாதே. உங்கம்மா முன்னாடி அழுதுடுவேன்."

முன்னறையில் பிரசாதப் பொட்டலத்தைப் பூமாரியின் கையில் கொடுத்தாள். அதுக்குள்ளயா கிளம்பிட்ட, சோறு தின்னுட்டுப் போகலாமே என்று பூமாரி மறித்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று செருப்பின் வாரைப் பூட்டப் பார்த்தாள். உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளாடியது.

டக், டக், டக்கென்று ஊன்றுகோல் விரைந்து வந்தது. உள்ளே நடந்த எதுவும் முழுசாக விளங்காத சொரிமுத்து, தன் தோளைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பிடிச்சுக்கோ மக்களே. விழுந்துராத."

சுப்ரியா அந்தத் தோளைப் பற்றிக்கொண்டாள். குனிந்து செருப்பைப் பூட்டும்போது அவருடைய கால் அவள் கண்ணெதிரே இருந்தது. எத்தனையோ தடவை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்தக் காலை அவள் இவ்வளவு நேரம் பார்த்தது இன்றைக்குத்தான்.

"மாமா, அன்னிக்கு..."

"என்ன மக்களே?"

"ஒண்ணுமில்லை. நாளைக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கோ. ராஜினாமாவெல்லாம் வேண்டாம்."

சிரிக்கத்தான் பார்த்தாள். அந்த மூச்சிழுப்பு வந்தது. சிரிப்பு வரவில்லை.

உள்ளே நின்ற பொன்செல்வி ஓர் அடி முன்னே வந்தாள். கை தானாக நீண்டது. சுப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருந்தது. இரண்டில் எது பெரியது என்று பொன்செல்வியால் அளக்க முடியவில்லை. அளப்பதற்குள் சுப்ரியா படியிறங்கி, வெளியிலிருந்து தானே கதவை இழுத்துச் சாத்தினாள்.