டீசல் வாடையும் நாலு எலுமிச்சம்பழமும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ரோட்டு வேலை என்று திரிந்துவிட்டு, போடியில் கால் தரித்தது ஒரு பழைய ஜீப்பால்தான். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேரைக் காலையில் போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். அந்த ஜீப்பு இந்தச் சித்திரையில் படுத்துவிட்டது. வெரசாக வேறு வண்டி பார்க்காவிட்டால் அவர்கள் அடுத்தவன் ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.

தரகர் இரண்டு பழைய கார் காட்டினார். ஒன்று பெட்ரோல், ஓடுகிற சத்தமே கேட்காது. மற்றது டீசல், புகை உண்டு, இழுவையும் உண்டு.

"வெறும் வண்டிய ஓட்டிப் பாத்து என்னண்ணே தெரியும்? லோடு ஏத்தி மெட்டுக்கு விடுங்க" என்றார் தரகர். எங்கள் பக்கம் மூட்டை ஏற்றித்தான் பார்ப்பார்கள். மூட்டைக்கு நான் எங்கே போவது?

"லோடு நான் கொண்டாறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரையும் கூப்பிட்டேன். மெட்டு வரை சும்மா போய்வரலாம் என்று மட்டும் சொன்னேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்தார்கள். மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். டீசல் வாடை அவருக்கு ஆகாது. ஜீப்பில் தலையை வெளியே நீட்டியபடிதான் வருவார். வண்டி வாங்கியாயிற்று என்று நினைத்து, சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

முதலில் பெட்ரோல். தரகர் டீசல் காரில் பின்னால் வந்தார்.

"வாடையே இல்லயே அப்பு" என்று அக்கா முறுக்கைக் கடித்தார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறி நின்றது. தரகர் தலையை நீட்டிக் கத்தினார். "லோடக் கொறைங்கண்ணே. ரெண்டு பேர எறக்கிட்டுப் பாருங்க."

"ஏன்க்கா, நம்மளா லோடு?" என்றாள் பின்சீட்டில் ஒருத்தி.

"பின்ன? சேல கட்டுன மூட்ட" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "சொல்லியிருந்தாலும் வந்திருப்போமே அப்பு. பூ வைக்காம வந்திருப்போம்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினார். நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து எல்லோரையும் டீசலில் ஏற்றினேன். காலிப் பெட்ரோல் காரைத் தரகர் பின்னால் ஓட்டிவந்தார். முனகாமல் மெட்டு ஏறியது. மேலே டீக்கடையோரம் அக்கா வாந்தி எடுத்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"பெட்ரோலே எடுக்குறேன்க்கா. மூணு மூணு பேரா ரெண்டு நட அடிச்சுக்கிறேன்."

"ரெண்டாம் நடையில பிந்தி வர்றவளுக்குக் கூலிக் கணக்குல பேரு போடுவாகளா? கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. டீசலயே எடு."

"ஒங்களுக்கு?"

"எனக்குத்தான் பழம் இருக்கே." நகத்தால் கீறிய ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டார்.

தரகரிடம் டீசலுக்குச் சரி சொன்னேன். அக்காவே குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தார். மூன்றுதான் இருந்தது. நாலாவது அவர் கையில் கசங்கியிருந்தது. எல்லோரும் ஏறி உட்காரும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். இத்தனை நாளில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.